பசுமைக்கும் கணக்கு உண்டு

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் மின்சாரத்தையும் கட்டடங்களையும் பசுமையாக்கப் புறப்பட்டு 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. செலவை மேற்பார்வையிடச் சாதாரணக் குடிமக்களை உட்காரவைத்தது அதன் பலம். ஒரு முக்கியமான ஒப்பந்தத்தில் அவர்கள் கண்ணை மறைத்ததற்கு அது கொடுத்த விலை கொஞ்சமல்ல.

மரக்கழிவை எரித்து மின்சாரம். 2008-ல் இதைவிடப் பசுமையான யோசனை இருக்க முடியாது என்றே தோன்றியது. மரம் அறுத்த பிறகு மிஞ்சும் கிளைகளும் சிராய்களும்தான் எரிபொருள். காற்றும் வெயிலும்போல் வேளை பார்க்காது, இரவு பகலாகக் கிடைக்கும். டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினின் நகர மன்றம் அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் கையைத் தூக்கியது. கிழக்கு டெக்சாஸின் நாக்கடோச்சஸ் பகுதியில் 100 மெகாவாட் நிலையம் ஒன்று கட்டப்படும். அதன் மின்சாரம் முழுவதையும் ஆஸ்டின் 20 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ளும். மொத்த மதிப்பு 230 கோடி டாலர். யூனிட் என்ன விலை, நிலையம் ஓடாவிட்டால் யார் தலையில் விடியும் என்பது போன்ற விவரங்கள் மட்டும் வணிக ரகசியம் என்று மூடி வைக்கப்பட்டன.

2012-ல் நிலையம் தயாரானது. அதற்குள் உலகம் மாறிவிட்டது. ஷேல் பாறையிலிருந்து எரிவாயு எடுக்கும் முறை அமெரிக்காவில் பரவி, எரிவாயு விலை சரிந்து, சந்தையில் மின்சாரம் மலிவாகிவிட்டிருந்தது. மரக்கழிவு மின்சாரத்தை அந்தச் சந்தையில் விற்றால் நஷ்டம். நிலையம் மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. ஆனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டவேண்டிய தொகையைக் கட்டித்தானே ஆகவேண்டும்? 2019-ல் நகரம் ஒரு முடிவுக்கு வந்தது. 46 கோடி டாலர் கொடுத்து நிலையத்தையே வாங்கிவிட்டது. மிச்சமுள்ள ஆண்டுகளுக்கும் ஒப்பந்தப்படி கட்டிக்கொண்டிருப்பதைவிட இதில் சுமார் 27.5 கோடி டாலர் மிச்சம் என்பது நகர நிர்வாகத்தின் கணக்கு.

இது ஏதோ விவரம் தெரியாத நகரத்தின் கதை அல்ல. அமெரிக்காவிலேயே முதல்முதலாகக் கட்டடங்களுக்குப் பசுமை நட்சத்திரம் கொடுத்த ஊர் ஆஸ்டின். எரிசக்திச் செலவை மக்களே மேற்பார்வையிடும் குழுக்களைப் பல பத்தாண்டுகளாக வைத்திருக்கும் ஊரும் அதுதான். மக்கள் பார்வைக்கு வந்த திட்டங்கள் அங்கே அடிபட்டுத் திருந்தி நிலைத்திருக்கின்றன. பார்வைக்கு வராத ஒன்று பெரிய செலவாக முடிந்தது. பசுமைக் கட்டடம், சூரிய மின்சாரம் என்று நம் நகரங்களும் சலுகைகளை அள்ளித் தருகிற இந்தக் காலத்தில், ஆஸ்டினின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பது நமக்கு நல்லது.

நகரமே முதலாளி

ஆஸ்டினில் மின்சாரம் விற்பது ஆஸ்டின் எனர்ஜி. 1895-ல் தொடங்கிய இந்த நிறுவனம் நகராட்சிக்குச் சொந்தமானது. இன்று 5 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் அதன் கையில். லாபத்தைக் கொண்டுபோகப் பங்குதாரர்கள் கிடையாது. ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் நகரத்தின் பொது நிதிக்குப் போகிறது. பூங்காவும் நூலகமும் காவல் துறையும் நடப்பதில் இந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு. கட்டணத்தைத் தீர்மானிப்பது மேயரும் 10 உறுப்பினர்களும் அடங்கிய நகர மன்றம். நிறுவனத்தின் இயக்குநர் குழு என்று சொன்னாலும் அவர்களேதான்.

ஒரே ஆட்கள் விற்பவர்களாகவும் விலை வைப்பவர்களாகவும் இருந்தால் கேள்வி கேட்பது யார்? அதற்காகத்தான் இரண்டு குழுக்கள். மின்சாரக் குழு கட்டணத்தையும் மின் கொள்முதலையும் பார்க்கிறது. வள மேலாண்மைக் குழு மின்சேமிப்பு, மாற்று எரிசக்தி, தண்ணீர்ச் சிக்கனம் ஆகியவற்றைப் பார்க்கிறது. இரண்டிலும் தலா 11 பேர். நகர மன்றத்தின் 11 பேரும் ஆளுக்கொருவரை நியமிக்கிறார்கள். சம்பளம் இல்லை. கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை மூன்று நாட்களுக்கு முன்பே வெளியிட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம்.

கேட்க ஏதோ சடங்குபோல் இருக்கும். ஆனால் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் எண்ணம் மாறும். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கூரைக் காப்பு, குளிர்சாதனக் குழாய்ச் சீரமைப்பு போன்ற மின்சேமிப்பு வேலைகளுக்காக நகரம் பெரிய தொகை மானியம் தருகிறது என்று வையுங்கள். அந்தக் குடியிருப்பின் பெயர், இடம், மானியத்தின் உச்சவரம்பு, அதனால் எத்தனை கிலோவாட் மிச்சமாகும் என்ற மதிப்பீடு எல்லாம் ஒவ்வொன்றாகப் பட்டியலில் வரும். ஒரு கிலோவாட்டை மிச்சப்படுத்த நகரம் எவ்வளவு செலவழிக்கிறது என்று யாரும் வகுத்துப் பார்த்துவிடலாம். பசுமையைப் பற்றிய பேச்சு அங்கே ஒரு பேரேட்டின் வரியாக இறங்கிவிடுகிறது.

கட்டாத மின்நிலையம்

இந்தப் பழக்கம் ஆஸ்டினுக்குச் சும்மா வரவில்லை. 1973-ல் வாக்காளர்களின் ஒப்புதலோடு தெற்கு டெக்சாஸ் அணுமின் நிலையத்தில் நகரம் 16 சதவீதப் பங்கு எடுத்தது. கட்டுமானம் இழுத்துக்கொண்டே போக, செலவு பல மடங்காக ஏறியது. 1981 நவம்பரில் மக்கள் மறுபடியும் வாக்களித்தார்கள்: பங்கை விற்றுவிடுங்கள் என்று. விற்க நகரம் தயார். வாங்கத்தான் ஆள் இல்லை. நிலையத்தின் இரண்டு உலைகளும் 1988-ம் ஆண்டும் 1989-ம் ஆண்டும் உற்பத்தியைத் தொடங்கின. அந்த 16 சதவீதம் இன்றும் ஆஸ்டினிடம்தான் இருக்கிறது. கரி வெளியிடாத மின்சாரம் என்று இப்போது அதைப் பெருமையாகவே சொல்கிறார்கள்.

பட்ட அடி ஒரு பாடம் கற்றுத்தந்தது. புதிதாக ஒரு மின்நிலையம் கட்டுவதற்குப் பதில், இருக்கும் வீடுகளில் வீணாகும் மின்சாரத்தை மிச்சம் பிடித்தால் என்ன? 1982 முதல் நகரம் அதில் இறங்கியது. கூரைக்குக் காப்புப் போட, பழைய குளிர்சாதனப் பெட்டியை மாற்ற, கதவு ஜன்னல் இடுக்குகளை அடைக்க மானியம். சேமிப்பையே ஒரு மின்நிலையமாகக் கணக்கு வைத்தார்கள். 2007-ல் எழுதிய இலக்கு, 2020-க்குள் 700 மெகாவாட் மிச்சம் பிடிப்பது. 2010-ல் அது 800 மெகாவாட்டாக உயர்ந்தது. ஒரு பெரிய அனல் மின்நிலையத்தைக் கட்டாமலே கட்டியதற்குச் சமம்.

கட்டிய நிலையத்தைக் கண்ணால் பார்க்கலாம். கட்டாத நிலையத்தை எப்படிப் பார்ப்பது? இங்கேதான் மேற்பார்வையின் அருமை. மிச்சமானதாகச் சொல்லும் மெகாவாட் நிஜமாகவே மிச்சமானதா, மானியம் இல்லாவிட்டாலும் அந்த வீட்டுக்காரர் மாற்றியிருப்பாரா என்று யாராவது விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்காவிட்டால் சேமிப்பு மின்நிலையம் காகிதத்தில் மட்டும் ஓடும்.

நட்சத்திரம் பிறந்த ஊர்

1985-ல் புது வீடுகளின் மின்சிக்கனத்தை மதிப்பிடும் திட்டம் ஒன்றை ஆஸ்டின் தொடங்கியது. 1991-ல் அது விரிந்து பசுமைக் கட்டடத் திட்டமாயிற்று. மின்சாரம் மட்டுமல்ல, தண்ணீர், கட்டுமானப் பொருள், குப்பை என நான்கையும் பார்த்து வீட்டுக்கு நட்சத்திரம் தருவது அதன் வேலை. 1992-ல் ரியோ நகரில் நடந்த பூமி உச்சி மாநாட்டில் இதற்குப் பாராட்டுக் கிடைத்தது. இந்தியாவில் இன்று எல்லாரும் அறிந்த 'லீட்' சான்றிதழைத் தரும் அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் பிறந்ததே 1993-ல்தான். ஆஸ்டின் அதற்கு மூத்தது.

திட்டம் பெரும்பாலும் விருப்பத்தின் பேரில்தான். யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் நகரத்திடம் ஒன்றைக் கேட்டு வாங்குபவர் பதிலுக்கு ஒன்றைத் தரவேண்டும். நகர மையத்தில் அனுமதித்த உயரத்துக்கு மேல் கட்ட விரும்பும் நிறுவனம், தன் கட்டடத்துக்கு ஆஸ்டின் அளவுகோலில் குறைந்தது இரண்டு நட்சத்திரமாவது வாங்கியாக வேண்டும். ஐந்து நட்சத்திர அளவுகோலில் இரண்டு என்பது பெரிய சாதனை இல்லை என்ற குறை உண்டு. ஆனாலும் சலுகை என்ன, அதற்கு ஈடு என்ன என்பது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. போதாது என்று நினைப்பவர் அந்த வரியைச் சுட்டிக்காட்டியே சண்டை போடலாம்.

வீட்டை விற்பவர் கவனத்துக்கு

புதுக் கட்டடம் ஊரில் கொஞ்சம்தான். மின்சாரம் பெரும்பாலும் கரைவது பழைய கட்டடங்களில். 2007-ல் இந்த விஷயம் பேச்சுக்கு வந்தபோது நகரத்தின் முதல் எண்ணம் கடுமையாகவே இருந்தது. வீட்டை விற்கும் முன் மின்சிக்கன வேலைகளைச் செய்து முடித்தாக வேண்டும் என்பது யோசனை. வீடு விற்பனைத் தரகர்கள் எதிர்த்தார்கள். விற்க வருபவர் பெரும்பாலும் பணமுடையில் இருப்பவர், அவர் தலையில் இன்னொரு செலவா என்பது அவர்கள் வாதம். எல்லாத் தரப்பும் உட்கார்ந்து பேசிய பிறகு, 2008 நவம்பரில் ஒரு நடுவழி சட்டமானது. 2009 ஜூன் முதல் அது அமலுக்கு வந்தது.

பத்து வருடத்துக்கு மேற்பட்ட வீட்டை விற்பவர் எரிசக்தித் தணிக்கை செய்து, முடிவை வாங்குபவரிடம் காட்டவேண்டும். சரிசெய்வது அவரவர் விருப்பம். அதே வயதுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளும் தணிக்கை செய்து, முடிவைக் குடியிருப்பவர்கள் பார்க்கும்படி ஒட்டவேண்டும். சராசரியைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் மின்சாரம் விழுங்கும் குடியிருப்பு என்றால் காட்டினால் மட்டும் போதாது, 20 சதவீதம் குறைத்தாக வேண்டும். 10,000 சதுர அடிக்கு மேற்பட்ட வணிகக் கட்டடங்கள் ஆண்டுதோறும் தங்கள் மின் செலவைக் கணக்கிட்டு நகரத்திடம் தரவேண்டும்.

ஆஸ்டினில் ஏறக்குறைய பாதிப்பேர் வாடகைக்கு இருப்பவர்கள். கூரையில் காப்பு இல்லாததால் ஏறும் மின் கட்டணத்தைக் கட்டுவது அவர்கள். காப்புப் போடும் அதிகாரம் இருப்பது வீட்டு உரிமையாளருக்கு. வாடகை பேசும்போதே அந்தக் கட்டடத்தின் மின் செலவு தெரிந்தால், பேரம் பேச ஒரு பிடி கிடைக்கிறது. மானியத்தால் வராத நன்மை சில சமயம் ஓர் அறிவிப்புத் தாளால் வந்துவிடும்.

மூடிய உறை

இத்தனை பழக்கம் உள்ள ஊரில் மரக்கழிவு ஒப்பந்தம் மட்டும் எப்படி நழுவியது? பதில் மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. 1999-ல் டெக்சாஸ் தன் மின்சந்தையைப் போட்டிக்குத் திறந்தபோது, நகராட்சி மின் நிறுவனங்களுக்கு ஒரு விலக்குக் கொடுத்தது. போட்டியாளருக்கு உதவக்கூடிய தகவலை அவை பொதுத் தகவல் சட்டத்திலிருந்து மறைத்துக்கொள்ளலாம். விலக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. நாளை ஏலத்தில் எவ்வளவு கேட்கப் போகிறோம் என்பதை இன்றே யார் சொல்வார்கள்? ஆனால் கையெழுத்தாகி 20 ஆண்டுகளுக்கு மக்கள் தலையில் ஏறப்போகும் ஒப்பந்தத்துக்கும் அதே போர்வையைப் போர்த்தியபோது, கேள்வி கேட்க வேண்டியவர்களின் கையில் கேள்விக்கான எண்களே இல்லாமல் போயின.

ஒப்பந்தம் வெளிவந்திருந்தால் எரிவாயு விலை சரியும் என்று யாராவது சொல்லியிருப்பார்களா? சந்தேகம்தான். பெரிய நிறுவனங்களே அன்று அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் எரிவாயு சரிந்தால் என்ன ஆகும், ஓடாத நிலையத்துக்கு ஏன் பணம் என்ற கேள்விகளுக்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தின் விதிகள் தெரிந்தால் போதும்.

பசுமை என்ற பெயரும் ஒரு போர்வைதான். நிலக்கரி நிலையம் என்றால் நூறு பேர் எதிர்த்துப் பேச வருவார்கள். மரக்கழிவு என்றால் எதிர்ப்பவர் ஏதோ சுற்றுச்சூழலுக்கே விரோதி போலத் தோன்றுவார். நல்ல நோக்கத்துக்குக் கணக்குக் கேட்கக் கூச்சப்படுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்.

நிலைக்கட்டணச் சண்டை

அடுத்த சோதனை கட்டணத்தில் வந்தது. 1994-க்குப் பிறகு தொடாத அடிப்படைக் கட்டணத்தை ஆஸ்டின் 2012-ல் உயர்த்தியது. நகர எல்லைக்கு வெளியே சுமார் 50,000 வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். கட்டணம் கட்டும் அவர்களுக்கு நகர மன்றத் தேர்தலில் ஓட்டு கிடையாது. மாநில ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போனார்கள். கடைசியில் சமரசமாகி அவர்களுக்கு ஓரளவு கட்டணம் குறைந்தது. மக்கள் மேற்பார்வை என்று சொல்லும்போது எந்த மக்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த வழக்கு காட்டியது.

2013-ல் நகர மன்றமே ஒரு யோசனையை முன்வைத்தது. மின்சாரம் சிக்கலான தொழில். அதை நிபுணர்கள் அடங்கிய தனி வாரியத்திடம் விட்டுவிடலாம். எதிர்ப்பு கிளம்பியது. நகர மன்ற உறுப்பினரைத் தேர்தலில் தோற்கடிக்கலாம், நிபுணரை என்ன செய்வது என்பதே அடிப்படை வாதம். யோசனை கைவிடப்பட்டது.

2022-ல் மறுபடியும் கட்டண உயர்வு. இந்த முறை நடைமுறை முதிர்ந்திருந்தது. நீதிமன்றம்போல் விசாரணை, அதை நடத்த வெளியிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி, வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் வாதாட நகரத்தின் செலவிலேயே ஒரு தனி வழக்காடி. சண்டையின் மையம், மாதந்தோறும் கட்டவேண்டிய நிலைக்கட்டணம். அதை 10 டாலரிலிருந்து 25 டாலராக்க வேண்டும் என்றது நிறுவனம். கம்பிக்கும் கம்பத்துக்கும் ஆகும் செலவு, மின்சாரம் குறைவாகப் பயன்படுத்தினாலும் குறைவதில்லை என்பது அதன் தரப்பு. எதிர்த்தரப்பு வேறு விதமாகப் பார்த்தது. நிலைக்கட்டணம் ஏறினால், சிக்கனமாக இருப்பவருக்கும் கூரையில் சூரியத் தகடு வைத்தவருக்கும் கிடைக்கும் பலன் சுருங்கும். ஒரு கையால் மானியம் கொடுத்து மறு கையால் பிடுங்குவதா? டிசம்பரில் மன்றம் ஒப்புதல் தந்தது, முதல் ஆண்டில் 13 டாலருக்கு.

இந்த ஏற்பாட்டில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. குழுக்கள் பரிந்துரைக்கலாம், தடுக்க முடியாது. கூட்டத்துக்கு வர நேரம் இருப்பவர்கள் பெரும்பாலும் வசதி உள்ளவர்கள். மக்கள் கேட்டாலும் நடக்காத காரியம் உண்டு. ஃபயெட் நிலக்கரி நிலையத்தில் தன் பங்கிலிருந்து 2022-க்குள் விலகுவதாக நகரம் சொல்லியிருந்தது. கூட்டாளி நிறுவனத்தோடு உடன்பாடு எட்டாமல் 2021-ல் அது நின்றுபோனது. ஆனாலும் சொன்னது என்ன, நடந்தது என்ன என்பது ஊருக்கே தெரியும்.

நம் பக்கம் திரும்பினால்

மூடிய ஒப்பந்தம் இந்தியாவுக்குப் புதிதல்ல. 1993-ல் மகாராஷ்டிர மின்வாரியம் என்ரான் நிறுவனத்தின் தாபோல் திட்டத்தோடு செய்த ஒப்பந்தமும் ரகசியமாகவே தொடங்கியது. புனேயின் பிரயாஸ் அமைப்பு அதன் எண்களைப் பிரித்துப் பார்த்து, மின்சாரம் என்ன விலையில் முடியும் என்று எச்சரித்தது. 2001-ல் வாரியம் வாங்குவதை நிறுத்தியது, நிலையம் மூடப்பட்டது. அந்தப் பாடத்துக்குப் பிறகு நம்மிடம் ஒரு நல்ல சட்டம் வந்தது. 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி, கட்டண விண்ணப்பத்தை மின் நிறுவனம் வெளியிட வேண்டும். மக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகே ஒழுங்குமுறை ஆணையம் 120 நாட்களுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும். இந்த விஷயத்தில் ஆஸ்டினுக்கு நாம் இளைத்தவர்கள் அல்ல. நகராட்சியே மின்சாரம் விற்பதும் நமக்குத் தெரியாததல்ல. மும்பையில் பெஸ்ட் உண்டு, கேரளத்தில் திருச்சூர் மாநகராட்சி உண்டு.

கட்டடத்துக்கு வந்தால்தான் கதை வேறு. ஹைதராபாத்தின் சி.ஐ.ஐ.-கோத்ரெஜ் மையம் 2003-லேயே லீட் பிளாட்டினம் வாங்கிவிட்டது. வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதிகள் 2007-ல் வந்தன, 2017-ல் திருத்தப்பட்டன. 2022-ல் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டமே திருத்தப்பட்டு, பெரிய குடியிருப்புகளையும் விதிகளுக்குள் கொண்டுவர வழி பிறந்தது. லீட் தவிர நம் நாட்டின் 'கிரிஹா' சான்றிதழும் இருக்கிறது. சான்றிதழ் காட்டினால் கூடுதல் தளப்பரப்பு தரும் மாநிலங்கள் உண்டு, சூரியத் தகடு வைத்தால் சொத்துவரியில் தள்ளுபடி தரும் நகரங்கள் உண்டு.

இவையெல்லாம் பொதுச் சொத்து. தள்ளுபடி என்பது நகராட்சி வசூலிக்காத வரி. கூடுதல் தளம் என்பது தெருவும் சாக்கடையும் தண்ணீர்க் குழாயும் சுமக்கப்போகும் கூடுதல் பாரம். ஆனால் சலுகை வாங்கிய கட்டடம் ஐந்து வருடம் கழித்து எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று பொதுவில் கேட்க ஓர் இடம் கிடையாது. வரைபடத்தில் இருந்த பசுமைக்குப் பட்டயம், நடப்பில் உள்ள மின் கட்டணம் சொந்த விஷயம் என்பதுதான் பெரும்பாலும் நிலைமை. மின் கட்டணத்துக்கு மக்கள் விசாரணை வைத்த நாம், அந்த மின்சாரத்தை விழுங்கும் கட்டடத்துக்கு அப்படி ஒன்றை யோசிக்கவில்லை.

இதற்குப் புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பசுமைச் சலுகை பெற்ற கட்டடங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் விட்டுக்கொடுத்த வரி அல்லது தளப்பரப்பு, ஆண்டுதோறும் ஒரு சதுர அடிக்கு அது செலவழிக்கும் யூனிட். இந்த மூன்றையும் ஒரு மாநகராட்சி தன் வரவு செலவு அறிக்கையோடு சேர்த்து வெளியிடலாம். முதல் இரண்டும் ஏற்கனவே அதன் கோப்பில் இருப்பவை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்கலாம். மூன்றாவதைச் சலுகைக்கு நிபந்தனையாக எழுதிவிடலாம். அடுத்த பத்தாண்டில் நம் நகரங்களில் எழப்போகும் கட்டடங்கள் ஐம்பது ஆண்டு நிற்கும். அவற்றின் மின் கட்டணத்தைக் கட்டப்போகிறவர்களில் பலர் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்.